கரடியனாற்றில் குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்த்துத் தந்த அளவைச் சேவை: என் மதிப்பீடும், "பூமிக்குள் கடல்" கதைக்கு ஒரு பதிலும்

மட்டக்களப்பில் கரடியனாற்றுப் பக்கம் மாமாவின் வளவில் குழாய்க்கிணறு அடிப்பதற்கு முன்னால் நிலத்தடி நீர் அளவை செய்து தந்த ஒரு சிறு குழுவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். 5க்கு 4 கொடுப்பேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் காணி வைத்துக்கொண்டு தண்ணீருக்குத் துளை போட நினைக்கிற எல்லாரும் லொறியைக் கூப்பிடுவதற்கு முன் இப்படி ஓர் அளவையைச் செய்வித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாங்கிய காசு, துளை போடுகிறவர்கள் எங்களிடம் கேட்ட விலைக்கு ஒரு முப்பது அடி தோண்டக்கூடக் காணாது.

குழுவின் பெயரைப் போடவில்லை. கீழே இன்னொரு துளையிடும் குழுவைப் பற்றிக் கோபமாகவே எழுதப்போகிறேன், அவர்களின் பெயரையும் போடவில்லை, ஒருவரைச் சொல்லி மற்றவரை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் என்ன கேட்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி அவ்வளவாகப் புரியாது. கல்லடியிலோ ஆரையம்பதியிலோ மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அங்கே உள்ள கவலை உப்பு ஏறுவதுதான். வாவியைத் தாண்டி மேற்கே போனால் நிலைமை வேறு. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே உக்கிப்போன பாறை, அதற்கும் கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடிய மிகப் பழைய, நைஸ் (gneiss) என்ற பாறை. புவியியல்காரர்கள் விஜயன் தொகுதி என்று சொல்லும் இந்தப் பாறைக்குள் தண்ணீர் நிற்க இடமே இல்லை, வெடிப்பு இருந்தால் மட்டும்தான் உண்டு. வெடிப்பில் துளை பட்டால் தண்ணீர், கொஞ்சம் தள்ளிப் போட்டால் வெறும் கல்தூள். ஆகவே இங்கே எவ்வளவு ஆழம் என்பதை விட எந்த இடம் என்பதுதான் முதல் கேள்வி.

மாமாவின் வளவுக் கிணறு, முன்மாரி வெள்ளாமை வெட்டி முடிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அடியில் சேறாகிவிடும். வீட்டுக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் தோட்டத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்றுதான் குழாய்க்கிணறு யோசனை வந்தது. முதலில் வந்தவர்கள் சொந்தமாக ரிக் லொறி வைத்திருக்கும் ஒரு குழு. வந்தவர் வளவைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார். பூமியைப் பாதியாக வெட்டி, உள்ளே நீல நிறத்தில் ஒரு கடல் அலையடிப்பது போலப் படம். "ஐயா, விஞ்ஞானிகளே கண்டுபிடிச்சிட்டாங்க, மேல இருக்கிற கடலைப் போல மூணு மடங்கு கடல் அடியில கிடக்கு. நூறு, நூற்றைம்பது அடியில நிப்பாட்டினாத்தான் தண்ணி வத்தும். எண்ணூறு அடி போவம், மறுகா உங்கட பேரப்பிள்ளைகளுக்கும் காணும்" என்றார். மாமா தயங்கியதும் மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளைச் சாட்சிக்கு இழுத்தார்: அடியில் தண்ணீர் இல்லாவிட்டால் அது எங்கேயிருந்து கொதித்துக்கொண்டு வருகிறதாம்?

அடிக் கணக்கில் காசு வாங்குகிறவர் சொன்ன கதை இது. எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். அந்த வீடியோவுக்குப் பின்னால் உண்மையான, அருமையான ஓர் அறிவியல் வேலை இருக்கிறது. அதை எடுத்து ஒரு வயதான விவசாயிக்கு அறுநூறு அடி வெறும் பாறையை விற்கப் பார்க்கிறார்கள். மாமா மட்டுமல்ல, ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கத்திலும் ஆக்கள் இதே கதையை என்னிடம் கேட்டார்கள். அதனால் அது என்னவென்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே மேன்டில் என்ற தடித்த பாறைப் படை. அதில் 410 கிலோமீட்டர் ஆழத்துக்கும் 660 கிலோமீட்டர் ஆழத்துக்கும் இடையில் ஒரு வலயம் இருக்கிறது. மேலே ஒலிவைன் என்ற பச்சைக் கனிமமாக இருப்பது, 410 இல் அமுக்கம் தாங்காமல் தன் அணுக்களை நெருக்கி அடுக்கிக்கொண்டு வாட்ஸ்லியைட் ஆகிறது, 520 அளவில் ரிங்வுடைட் ஆகிறது, 660 இல் அதுவும் உடைந்து வேறு கனிமங்களாகிறது. வாட்ஸ்லியைட்டுக்கும் ரிங்வுடைட்டுக்கும் மற்றவற்றில் அவ்வளவாக இல்லாத ஒரு குணம்: பளிங்குக் கட்டுக்குள் ஐதரசனை நிறைய ஏற்றுக்கொள்ளும். மக்னீசியம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அங்கே ஐதரசன் புகுந்து பக்கத்து ஒட்சிசனோடு பிணைந்துகொள்கிறது. ஆய்வுகூடத்தில் எடையில் 2 சதவீதத்துக்கும் மேலான தண்ணீருக்குச் சமமாக இப்படி ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே குளமும் இல்லை, ஊற்றும் இல்லை, கையில் படும் ஈரமும் இல்லை. 1,500 பாகை வெப்பத்தில் இருக்கிற திண்மப் பாறை அது. கறியில் கரைந்துபோன உப்பைக் கையால் அள்ள முடியாது அல்லவா, அப்படித்தான் அந்தப் பாறையில் உள்ள தண்ணீரும்.

மூன்று மடங்கு கடல் என்ற கணக்கு எப்படி வந்தது? அந்த வலயத்துப் பாறையின் எடையில் 1 சதவீதம் தண்ணீராக இருந்தால், அது மேலே உள்ள கடல்கள் எல்லாம் சேர்ந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வரும். நிபந்தனை வைத்துச் சொன்ன கணக்கு. வீடியோ செய்தவர்கள் நிபந்தனையைக் கழற்றிவிட்டு, பாறைக்குப் பதிலாக அலையை வரைந்துவிட்டார்கள்.

சரி, தூரத்தைப் பார்ப்போம். 410 கிலோமீட்டர் என்றால் 13 லட்சம் அடிக்கு மேல். மனிதர் இதுவரை பூமிக்குள் போன மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970 இல் தொடங்கி 1989 இல் 12,262 மீட்டரை எட்டினார்கள், அடியில் 180 பாகை வெப்பம், அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. ஓர் அரசாங்கமே பின்னால் நின்று இருபது வருடம் தோண்டியும் அந்த வலயத்தின் மேல் விளிம்புக்குப் போகும் வழியில் 3 சதவீதம்தான் முடிந்தது. எண்ணூறு அடி என்பது 244 மீட்டர்.

மகா ஓயா தண்ணீரும் அங்கேயிருந்து வருவதில்லை. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். இலங்கையில் இன்று எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாகச் சில கிலோமீட்டர் இறங்கி, ஆழத்தில் இயல்பாக உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு வெடிப்பு வழியாக ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. அங்கேயும் வெடிப்புத்தான் வேலை செய்கிறது.

இனி அளவைக் குழுவுக்கு வருகிறேன். புவியியல் படித்த ஓர் இளம் பெண்ணும் உதவிக்கு இரண்டு தம்பிமாரும் ஒரு வானில் வந்தார்கள். ஒரு பெட்டி மிசின், ஒரு கார் பற்றரி, சுருளில் சுற்றிய வயர், நாலு இரும்புக் கம்பி, ஒரு சுத்தியல், அளக்கிற நாடா. அவ்வளவுதான் சாமான். வந்ததும் முதலில் வளவை நடந்து பார்த்தார், பழைய கிணற்றை எட்டிப் பார்த்தார், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மாமாவிடம் விசாரித்தார், பக்கத்து வயல் வட்டைக்குள் தலைகாட்டும் கல்லில் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். ஊரில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற பெரியவர் காட்டிய இடத்தையும் மாமா சொன்னார்; அதையும் அளந்து பார்ப்போம் ஐயா என்று மரியாதையாகவே ஏற்றுக்கொண்டார். இந்தக் குணம் எனக்கு நன்றாகப் பிடித்தது.

"மகள், கம்பியில கரண்ட் விட்டா தண்ணி எப்படித் தெரியும்?" என்று மாமா கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான். நாலு கம்பியையும் ஒரே நேர்கோட்டில் அடிக்கிறார்கள். வெளியே உள்ள இரண்டின் வழியாக மின்னோட்டம் நிலத்துக்குள் போகிறது, நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று மிசின் அளக்கிறது. வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்துக்கொண்டு போனால் மின்னோட்டம் மேலும் மேலும் ஆழமாக வளைந்து போகும். வெடிப்பில்லாத காய்ந்த பாறை மின்னைக் கடத்தாது, அதன் தடைத்திறன் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். தண்ணீர் ஊறிய உக்கல் பாறையிலும் வெடிப்பிலும் அது நூறுக்குக் கீழேகூட இறங்கும். கொன்ராட் ஷ்லம்பெர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் 1912 இல் நிலத்துக்குள் மின்னை விட்டுப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து வந்த முறை; கம்பி வைக்கும் ஒழுங்குக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நிலம் காய்ந்து கிடந்ததால் ஒவ்வொரு கம்பியடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். வேலை மெதுவானது. அளவு ஒவ்வொன்றையும் ஒரு வரைபுத்தாளில் புள்ளியாக வைத்துக்கொண்டே போனார், கோடு மேலே ஏறிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாழ்வு தெரிந்தால் அங்கே நின்று திருப்பி அளந்தார். குளத்துப் பக்கமாக உள்ள மூலையில் தடைத்திறன் மிகவும் குறைவாக வந்தது. மாமாவுக்குச் சந்தோசம். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினார்: "ஐயா, இவ்வளவு குறைஞ்சா எனக்குச் சந்தேகம். களியும் இப்படித்தான் காட்டும், உவர்த் தண்ணியும் இப்படித்தான் காட்டும். இதில அடிக்கச் சொல்ல மாட்டன்." நல்ல இலக்கம் வந்த இடத்தைக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், அவர் போகவில்லை. நான் 5க்கு 4 கொடுப்பதில் பெரும்பங்கு இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

மதியம் மரநிழலில் சோறு சாப்பிடும்போது அந்த வீடியோவைப் பற்றி நான் கேட்டேன். அவர் சொன்ன ஒரு வசனம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: 410 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரையும் ஆக்கள் தேடுவது ஏறக்குறைய இதே மின்கடத்தலை வைத்துத்தான். அதன்பிறகு நான் இரவிரவாக வாசித்தேன்.

அந்த ஆழத்துக்கு மின்னை அனுப்பும் பற்றரி எங்கும் கிடையாது. அந்த வேலையைச் சூரியன் செய்கிறது. சூரியப் புயல் வந்து பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்போது, அந்த மாற்றம் பூமிக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் திரும்பவும் ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. விரைவான மாற்றம் மேலோட்டோடு நின்றுவிடும், நாட்கணக்கில் மாதக்கணக்கில் நீளும் மெதுவான மாற்றம்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இறங்கும். நாங்கள் கம்பியைத் தள்ளி அடித்தோம், அவர்கள் காலத்தை நீட்டிக் காத்திருக்கிறார்கள். மும்பைக்குப் பக்கத்தில் அலிபாக் காந்தவியல் நிலையம் 1904 முதல் அளந்துகொண்டிருக்கிறது. இப்படி உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவோடு, 2013 இல் ஐரோப்பியர் ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்களின் அளவும் சேர்கிறது. இன்னொரு பக்கம், ஆய்வுகூடத்தில் வாட்ஸ்லியைட்டையும் ரிங்வுடைட்டையும் இரண்டு லட்சம் வளிமண்டல அமுக்கத்தில் நசுக்கிச் சூடாக்கி, தண்ணீர் கூடக் கூடக் கடத்தல் எப்படிக் கூடுகிறது என்று அளக்கிறார்கள். பளிங்குக்குள் உள்ள ஐதரசன் இடம்விட்டு இடம் நகரக்கூடியது, மின்னைச் சுமந்துகொண்டு போகிறது. 2005 இல் ஹுவாங், ஷு, கராடோ மூவரும் இந்த இரண்டையும் ஒப்பிட்டு, பசுபிக்குக் கீழே அந்த வலயத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம் தண்ணீர் இருக்கலாம் என்று கணித்தார்கள். 1 சதவீதம் அல்ல, கவனியுங்கள். 2008 இல் ஜப்பானில் யோஷினோ குழு தாங்களே அளந்து பார்த்துவிட்டு, தண்ணீரே இல்லாமலும் அந்தக் கடத்தலை விளக்கலாம் என்றது. 2009 இல் கெல்பர்ட் என்பவரும் கூட்டாளிகளும் உலகம் முழுதுக்கும் படம் போட்டு, இடத்துக்கு இடம் கடத்தல் பெரிதாக மாறுகிறது என்று காட்டினார்கள்.

ஏன் இத்தனை இழுபறி என்றால், மாமாவின் குளத்து மூலையில் வந்த அதே சிக்கல்தான். கடத்தல் கூடினால் அது தண்ணீராகவும் இருக்கலாம், பாறை கூடுதலாகச் சூடாக இருப்பதாகவும் இருக்கலாம், இரும்பு கூடுதலாகவும் இருக்கலாம், கொஞ்சம் உருகியும் இருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வேறு வழிகளையும் தேடினார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது வைரத்தின் கதை. பிரேசிலில் ஜுயினா என்ற இடத்தில் ஆற்றுச் சரளையில் சல்லடை போடுகிறவர்கள் 2008 இல் எடுத்த ஒரு பழுப்பு வைரம், நகைக்கு உதவாதது, நீளம் அரைச் சென்ரிமீட்டர் அளவு. அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் கிரஹாம் பியர்சன் குழு வேறொரு கனிமத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஜோன் மெக்நீல் என்ற மாணவர் அந்த வைரத்துக்குள் தலைமயிர்த் தடிப்பை விடச் சிறிய ஒரு துணுக்கைக் கண்டார். அது ரிங்வுடைட். அதுவரை அந்தக் கனிமத்தை விண்கல்லிலும் ஆய்வுகூடத்திலும் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1879 இல் விழுந்த டென்ஹாம் விண்கல்லில் 1969 இல் முதலில் அடையாளம் கண்டு, டெட் ரிங்வுட் என்ற அறிஞரின் பெயரை வைத்தார்கள். பூமியின் ஆழத்திலிருந்து வந்த ரிங்வுடைட் கைக்கு வந்தது இதுதான் முதல்தடவை. அதன்மேல் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினார்கள். ஐதரசனும் ஒட்சிசனும் பிணைந்திருந்தால், ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அந்தப் பிணைப்பு ஒளியை விழுங்கும். விழுங்கியது. எடையில் 1 முதல் 1.5 சதவீதம் தண்ணீர் என்று கணக்கிட்டு 2014 மார்ச்சில் வெளியிட்டார்கள். ஒரு துணுக்கு ஓர் இடத்துக்குத்தான் சாட்சி, முழு வலயமும் அப்படி என்று அது சொல்லவில்லை; இருந்தாலும் 500 கிலோமீட்டருக்கும் கீழே தண்ணீர் பாறைக்குள் அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதை விட நேரடியான சான்று என்ன வேண்டும்.

அதே வருடம் ஜூனில் ஷ்மாண்ட், ஜேகப்சன் என்பவர்களின் குழு பூமியதிர்ச்சி அலைகளை வைத்து இன்னொரு சான்று கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதும் வைத்த 2,000க்கும் மேற்பட்ட கருவிகளின் பதிவில், 660 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே, பாறை கீழ்நோக்கி இறங்குகிற இடங்களில் அலை மெதுவாகிறது. ரிங்வுடைட் அங்கே உடையும்போது புதிய கனிமங்களால் அத்தனை தண்ணீரை வைத்திருக்க முடியாது, வெளியேறும் தண்ணீர் பாறையைக் கொஞ்சம் உருக்குகிறது, உருகிய இடத்தில் அலை தயங்குகிறது என்பது அவர்களின் விளக்கம். நமது நாட்டிலும் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த ஒரு பூமியதிர்ச்சி நிலையம் இருக்கிறது. அது பிடிக்கும் அலைகளும் இப்படிப் பூமியின் உள்ளே படமெடுக்க உதவுகிறவைதான்.

தண்ணீர் அங்கே எப்படிப் போனது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டக்களப்புக்காரர் யாருக்கும் மனம் கனக்கும். கடலடியில் உள்ள பெரிய பாறைத் தட்டு, வெடிப்புகளில் கடல்நீரை உறிஞ்சிக் கனிமமாக்கி வைத்துக்கொண்டு, ஆழ்கடல் அகழிகளில் மற்றத் தட்டின் கீழே இறங்குகிறது. பெரும்பகுதித் தண்ணீர் எரிமலை வழியே திரும்பிவிடும், ஒரு பகுதி கீழே போய்ச்சேரும். சுமாத்திராவுக்கு மேற்கே இன்றும் அப்படி ஒரு தட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் 9.1 அளவில் அதிர்ந்து, கல்லடியையும் நாவலடியையும் அழித்த அலையை எழுப்பியது அந்த எல்லைதான். நம் உறவுகளைக் கொண்டுபோன அதே ஓட்டம்தான் கோடிக்கணக்கான வருடங்களாகக் கடலை மேன்டிலோடு இணைத்தும் வைத்திருக்கிறது. இதையெல்லாம் வாசித்த பிறகு அந்த வீடியோவின் மேல் எனக்கு இன்னும் கோபம் கூடியது. இவ்வளவு பெரிய விசயத்தை நீலச் சாயம் பூசி, துளைக்கு விளம்பரமாக்கிவிட்டார்களே.

அப்புறம் வளவில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். அந்தப் பெண் கடைசியில் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டி முளை அடித்தார். 110 முதல் 140 அடிக்குள் வெடிப்பு இருக்கக்கூடும், அதற்குக் கீழே 180 வரை பார்க்கலாம், அதிலும் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள், கீழே இறுகிய பாறைதான் தெரிகிறது என்றார். நிச்சயம் என்று ஒருதடவையும் சொல்லவில்லை. துளையிட வேறொரு குழுவைப் பிடித்தோம். 120 அடி தாண்டியதும் தூசு நின்று சேறு வந்தது, மறுகா தண்ணீர் பீறியது. 160 இல் நிறுத்திக் கழுவி, பம்ப் போட்டு நாள் முழுக்க இறைத்துப் பார்த்தார்கள். மட்டம் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. பெரிய வெள்ளம் இல்லை. வீட்டுக்கும் மாட்டுக்கும் தோட்டத்துக்கும் காணும், மாமா கேட்டது அவ்வளவுதான். பெரியவர் தேங்காய் வைத்துக் காட்டிய இடமும் மோசமில்லை, அளவையில் இரண்டாவதாக வந்தது.

ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்தேன் என்றால், அறிக்கை முழுவதும் இங்கிலிஷில் இருந்தது. வரைபு, அட்டவணை, முடிவு எல்லாம் சரியாக இருந்தாலும், காணிக்காரர் வாசிக்க முடியாத அறிக்கை துளையிடுகிறவரின் கைக்குப் போனால் அவர் சொல்வதுதான் சட்டமாகிவிடும். கேட்டதும் அந்தப் பெண் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார், நல்ல விசயம், ஆனால் கேட்காமலே தரவேண்டியது. இன்னொன்று, வெளிக் கம்பிகள் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் நூறு மீட்டருக்கு மேல் போகும் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. பக்கத்து வட்டைக்காரரிடம் அந்த நேரத்தில் ஓடிப்போய் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. தண்ணீரின் தரத்தைப் பற்றி இந்த அளவை ஒன்றும் சொல்லாது என்பதையும் அவர்கள் எழுத்தில் போட்டிருக்கலாம்.

கூப்பிட நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். யானைக்குப் போட்ட மின்வேலி பக்கத்தில் இருந்தால் அன்றைக்கு அதை நிறுத்திவைக்க ஒழுங்கு செய்யுங்கள், இரும்புத் தூண் போட்ட நீண்ட கம்பிவேலியும் அளவைக் கெடுக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளக்கும் நேரத்தில் கம்பியில் நல்ல அழுத்தத்தில் மின் போகிறது, பிள்ளைகளையும் மாட்டையும் தள்ளி வையுங்கள். எந்த ஆழத்தில் எதிர்பார்க்கிறார்கள், எந்த ஆழத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். நிறுத்தும் ஆழம் சொல்லாத அளவை அரை அளவை. இடம் காட்டுகிறவரும் துளை போடுகிறவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. தண்ணீர் வந்ததும் குடிக்கத் தொடங்காமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்: கடினத்தன்மை, இரும்பு, முக்கியமாகப் புளோரைட். இந்தப் பாறைக் கனிமங்களிலிருந்து புளோரைட் கரைந்து வரும், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதற்கு மேல் போனால் முதலில் காட்டுவது சின்னப் பிள்ளைகளின் பல்.

ஏற்கெனவே துளை போட்டு வறண்டுபோய் இருப்பவர்கள், அதே துளையை இன்னும் முந்நூறு அடி இறக்கச் சொல்லி யாராவது வந்தால், அந்த முந்நூறு அடிக்குக் காசு கட்டுவதற்கு முன் வளவின் மற்ற மூலைகளை அளந்து பாருங்கள். அளவைக் குழுவின் நம்பர் வேண்டுமானால் எனக்குத் தனியாக எழுதுங்கள், மாமாவிடம் கேட்டு அனுப்பிவிடுகிறேன்.